மாமாவும் மண்பட்டியும்

காங்கேயத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை மூன்று. ஒன்று, காளை. இரண்டு, கொப்பரைக் களம். மூன்றாவது, கேட்காமலே கிடைக்கும் வைத்திய ஆலோசனை. முதல் இரண்டுக்கும் காசு வேண்டும். மூன்றாவது முழுக்க இலவசம்!

பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரே ஒரு தும்மல் போட்டுப் பாருங்களேன். "நாலு மிளகை மென்னு முழுங்குங்" என்பார் டீக்கடைக்காரர். "ராத்திரி ஆவி புடிங்" என்பார் பேப்பர் படிப்பவர். "அதெல்லாம் வேலைக்கு ஆகாதுங், நான் சொல்ற மாத்திரைய வாங்கிப் போடுங், ஒரே நாள்தான்" என்பார் கண்டக்டர். பஸ் கிளம்புவதற்குள் தும்மல் நின்றிருக்கும். பயத்தில்தான்.

கொஞ்ச காலமாக இந்த இலவச டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒன்று இங்கிலீஷ் மருந்துக் கட்சி. இவர்கள் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை எட்டிப் பார்க்கும். இன்னொன்று இயற்கைக் கட்சி. இவர்கள் கையில் அருகம்புல் சாறு ஃபிளாஸ்க் இருக்கும். இரண்டு கட்சிக்கும் கூட்டணி என்கிற பேச்சே கிடையாது. கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால், ரசம் வருவதற்குள் ரகளை வந்துவிடும்.

அடியேன் பி.காம். உடம்பைப் பற்றி அதிகம் தெரியாது. கணக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். இரண்டையும் எழுதினால்தான் அது கணக்கு. வரவை மட்டும் எழுதினால் அதற்குப் பேர் விளம்பரம். காலேஜில் மூன்று வருஷம் படித்ததில் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியின் நோட்டையும் புரட்டிப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. உபயம்: என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது 54. எடை 84 கிலோ. காங்கேயத்தில் கொப்பரைக் களமும் சின்னதாக ஓர் எண்ணெய் ஆலையும் வைத்திருக்கிறார். பத்து வருஷமாகச் சர்க்கரை. ஆரம்பத்தில் ஒரு மாத்திரை. அப்புறம் இரண்டு. போன வருஷம் மூன்றாவது மாத்திரையும் வந்து சேர்ந்தது. மூன்றாவதை எழுதிக் கொடுத்த அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

டோக்கன் நம்பர் 43. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் கிளினிக் காலண்டரில் இருந்த அத்தனை முகூர்த்த நாளும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. உள்ளே போனோம். மாமா "வணக்கமுங்க" என்று கை கூப்பினார். கையை இறக்குவதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் மாமாவுக்குக் கோபம். "நீ என்ன திங்கற, எத்தன தடவ திங்கறன்னு ஒரு வார்த்த கேட்டாரா மாப்ளே? மாட்டு டாக்டரு வந்தாக்கூட, காளைக்கு என்ன தீவனம் போடறீங்கன்னு கேட்டுட்டுத்தான் ஊசியே எடுப்பாரு!"

மாமாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த டாக்டர் ஒருவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு நோயாளிக்கு டாக்டர் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிஷம். பங்களாதேஷில் 48 விநாடி. நம் நாட்டில் சுமார் 2 நிமிஷம். நூடுல்ஸ் வேகிற நேரம்! வெளியே வராந்தாவில் நூறு பேர் நின்றால் எந்த டாக்டரால்தான் தீவன விசாரணை நடத்த முடியும்?

இந்த மாதிரி நேரத்தில்தான் இயற்கைக் கட்சி உள்ளே நுழையும். நுழைந்தது. ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்து இலைக்காரர் மாமாவிடம் சொன்னார்: "பத்து நாள் முகாமுங்க. மாத்திர மருந்து ஒண்ணும் கெடையாது. எனக்குப் பன்னண்டு வருசச் சர்க்கரை பறந்தே போயிடுச்சுங்க." சொல்லிக்கொண்டே மூன்றாவது லட்டை எடுத்தார் என்பதை நான் கவனித்தேன். மாமா கவனிக்கவில்லை.

"மாப்ளே, தொணைக்கு நீ வா. உனக்குத்தான் வேல வெட்டி ஒண்ணும் இல்லியே" என்றார் மாமா. (பத்திரிகைக்கு எழுதுகிறவனைப் பற்றி எங்கள் சொந்தபந்தத்தில் நிலவும் கருத்து இதுதான்.)

மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள் முகாம். வாசலில் பெரிய காந்தி படம். பொருத்தம்தான். இந்தியாவில் இயற்கை வைத்தியத்துக்கு அவரை விடப் பெரிய விளம்பரதாரர் கிடையாது. 1946-ல், வயது 76 தாண்டிய பிறகு, பூனாவுக்குப் பக்கத்தில் உருளி காஞ்சன் என்ற கிராமத்துக்குப் போய், ஏழைகளுக்காக இயற்கை வைத்திய நிலையம் ஆரம்பித்தவர் அவர்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இயற்கை வைத்தியம் என்றதும் பலரும் பாட்டி கஷாயம், சித்த வைத்தியர் லேகியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. இதில் மருந்தே கிடையாது. மண், தண்ணீர், வெயில், காற்று, பட்டினி அவ்வளவுதான். தொட்டியில் உட்கார்ந்து எடுக்கும் இடுப்புக் குளியலைப் பரப்பியவர் லூயி கூனே. அவர் நம்ம பொதிகை மலை முனிவர் அல்ல, ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்காரர். அவருடைய புத்தகம் 1894-லேயே தெலுங்குக்கு வந்துவிட்டது. காந்தி படித்து மயங்கிய இன்னொரு புத்தகமும் அடால்ஃப் ஜுஸ்ட் என்ற ஜெர்மானியர் எழுதியதுதான். ஆக, 'இது நம்ம வைத்தியம், அது வெள்ளைக்காரன் வைத்தியம்' என்று பந்தியில் சண்டை போடுகிறவர்கள் தயவுசெய்து ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம். இரண்டுமே கப்பலில் வந்தவைதான்.

காந்தியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1909-ல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' புத்தகத்தில் டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் வாங்கு வாங்கென்று வாங்கியவர் அவர். 1924 ஜனவரியில் எரவாடா ஜெயிலில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் வீங்கிப் பொறுக்க முடியாத வலி. வயிற்றில் மண்ணைப் பூசிக்கொண்டு காத்திருக்கவில்லை. பூனா சாசூன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில் பக்கத்தில் அழைத்து வரப்பட்டவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஜனவரி 12 இரவு கர்னல் மேடாக் என்ற வெள்ளைக்கார டாக்டர் கத்தி வைத்தார். பாதி ஆபரேஷனில் கரண்ட் போய்விட்டது! அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். காந்தி பிழைத்தார். அதற்கு அப்புறமும் இயற்கை வைத்தியத்தை விட்டுவிடவில்லை. எது எதற்கு ஆகும் என்று பிரித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உருளி காஞ்சன் கதையை முகாமில் தினமும் சொன்னார்கள். சாசூன் கதையை ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

சரி, முகாமுக்குள் வருவோம். காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். எனிமா. (விவரிக்க மாட்டேன், குடும்பப் பத்திரிகை.) ஆறு மணிக்கு நடை. ஏழு மணிக்கு வயிற்றில் மண்பட்டி. எட்டு மணிக்கு வெண்பூசணிச் சாறு. பதினோரு மணிக்கு முளைகட்டிய பயறு, இரண்டு கொய்யா. மூன்று மணிக்கு வாழைத்தண்டுச் சாறு. ஆறரைக்குக் கொஞ்சம் பழம். எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் பத்துப் பதினைந்து பேர் சத்தம் இல்லாமல் பரோட்டாவைப் பற்றி நினைத்துக்கொண்டு படுத்திருப்போம்.

மூன்றாம் நாள் வாழையிலைக் குளியல். நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, உடம்பு பூரா வாழையிலையைச் சுற்றிக் கட்டி, வெயிலில் படுக்கப் போடுவார்கள். வேர்வை கொட்டோ கொட்டென்று கொட்டும். மாமாவின் சுற்றளவுக்கு ஒரு வாழைத்தோப்பே தேவைப்பட்டது. பச்சை நிறத்தில் ஒரு மலை மாதிரி படுத்திருந்தார். மூக்குக்கு மட்டும் ஓட்டை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "மாப்ளே... நம்ம களத்துல கொப்பரை எப்படிக் காயுதுன்னு இன்னைக்குத்தான்டா புரியுது. திருப்பிப் போடுவாங்களா?"

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நாலாம் நாள் காலையில் மாமாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 186-லிருந்து 124-க்கு வந்திருந்தது. எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. மாமா முகத்தில் பத்து வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு. முகாமை நடத்துகிறவரை எல்லோரும் 'அய்யா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மாமாவுடன் முக்கால் மணி நேரம் பேசினார். என்ன சாப்பிடுவீர்கள், எப்போது தூங்குவீர்கள், தொழிலில் கவலை உண்டா என்று எல்லாம் கேட்டார். "பத்து வருசத்துல என்னைய ஒருத்தன் கேட்டான்டா" என்று மாமா கண் கலங்கிவிட்டார்.

இதெல்லாம் வரவுப் பக்கம். மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். காந்தி சொன்னார், அய்யா சொன்னார் என்பதற்காக அல்ல. இங்கிலீஷ் மருத்துவமே எண்ணிப் பார்த்துச் சொன்னதற்காக. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரப்போகிற எல்லையில் நின்ற 531 பேரை நாலு குழுவாகப் பிரித்து வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2006-ல் வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றிய குழுவில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் சுமார் 40 பேருக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவிலும் ஏறத்தாழ அதே கதைதான். அதாவது, கால் செய்த வேலையும் மாத்திரை செய்த வேலையும் ஒன்று!

ஆபீஸ் நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்து, டீயும் பஜ்ஜியுமாகக் காலம் தள்ளும் முப்பது வயசு நண்பர்களே, இந்தக் கணக்கைக் கத்தரித்து டிராயரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மாமா வயதுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி செலவுப் பக்கம்.

முகாமில் எங்கள் பக்கத்து அறையில் ஒரு பையன். வயது 22. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடுகிற வேலை. பதினோரு வயசிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி. அம்மா கூட வந்திருந்தார். முகாமில் ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால் பையன் சாமர்த்தியமாக ஒரு மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் இன்சுலினைப் பத்திரப்படுத்தியிருந்தான். இயற்கையும் இங்கிலீஷும் சண்டையில்லாமல் குடியிருந்த ஒரே இடம் அந்தப் பானைதான்.

நாலாம் நாள் மாலை அய்யா அவனிடம் சொன்னார்: "ஊசி ஒரு விஷம். அதை விட்டாத்தான் உடம்பு தானா சரி பண்ணிக்கும். இன்னையிலிருந்து நிறுத்திடு." அந்த அம்மாவின் முகத்தில் எத்தனை நம்பிக்கை! பதினோரு வருஷமாகப் பிள்ளையின் வயிற்றில் ஊசி குத்துவதைப் பார்த்தவர் அல்லவா? நிறுத்திவிட்டார்கள்.

எனக்குள் இருந்த பி.காம். சும்மா இருக்கவில்லை. "அய்யா, இந்த மாதிரி ஊசிய நிறுத்தினவங்க லிஸ்ட் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். குணமானவர்கள் போட்டோ, வரிசையாக, மாலை போடாத குறை. "குணமாகாதவங்க?" என்றேன். "அவங்க நம்பிக்கை இல்லாம பாதியில போனவங்க" என்றார். பாருங்கள், செலவுப் பக்கமே இல்லாத பேரேடு!

ஐந்தாம் நாள் ராத்திரி பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அய்யா வந்து பார்த்தார். "ஒண்ணும் பயப்படாதீங்க. உடம்பு கழிவை வெளியேத்துது. நல்ல அறிகுறி" என்றார். வயிற்று வலி வந்தது. அதுவும் கழிவு. தலை சுற்றியது. அதுவும் கழிவு.

விடியற்காலை நாலு மணிக்கு மாமா என்னைத் தட்டி எழுப்பினார். "மாப்ளே, பையன் மூச்சு விடறதப் பாரு. எறக்கத்துல பாரம் இழுத்து வந்த காளையாட்டம் விடறான். வாயில பழம் அழுகுன வாசம் வேற. இது கழிவும் இல்ல, கழுதையும் இல்ல. வண்டிய எடு!" அந்த அம்மாவைப் பார்த்து, "அம்மிணி, அந்தப் பானைய எடுத்துட்டு நீயும் ஏறு" என்றார். அய்யா என்னமோ சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டருக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். கண் பூராவும் தூக்கம். பையன் விரலைக் குத்தி மீட்டரில் வைத்தார். எண்ணே வரவில்லை; 'ஹை' என்று மட்டும் வந்தது. அந்த மீட்டரால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டதாம். அடுத்த நிமிஷம் அந்தத் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. சலைன், இன்சுலின், ரத்தப் பரிசோதனை என்று ஆஸ்பத்திரியே ஓடியது. மூன்று நாள் கழித்துப் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். "இன்னும் ஒரு அரை நாள் விட்டிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க" என்றார் அந்த டாக்டர்.

நடந்தது என்ன? அவரே பொறுமையாக விளக்கினார். (இரண்டு நிமிஷத்துக்கு மேல்!) மாமாவுக்கு வந்திருப்பது இரண்டாம் வகைச் சர்க்கரை. அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது. தொப்பையும் உட்கார்ந்த பிழைப்பும் அதை வேலை செய்ய விடுவதில்லை. எடை குறைந்தால் வேலை செய்யும். பையனுக்கு முதல் வகை. அவன் உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால், ரத்தத்தில் சர்க்கரை வழிந்தாலும் உடம்பால் அதைச் சாப்பிட முடியாது. பசியில் கொழுப்பை எரிக்கும். அந்தச் சாம்பல்தான் அமிலமாகி ரத்தத்தில் சேரும். அதைத் தள்ளத்தான் அந்த மூச்சிரைப்பு. 'கழிவு' என்று சொல்லப்பட்டது அதுதான்.

இரண்டு பேருக்கும் நோயின் பேர் ஒன்று. சாமான் வேறு.

முதல் வகைக்குப் பட்டினியை உலகம் முயன்று பார்க்காமல் இல்லை. 1922-க்கு முன்னால் இங்கிலீஷ் டாக்டர்களிடமே அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. குழந்தைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டுச் சில மாதமோ, ஒன்றிரண்டு வருஷமோ ஆயுளை நீட்டினார்கள். அப்புறம் அவர்கள் எலும்பும் தோலுமாக இறந்துபோனார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரத்தில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு அப்புறம்தான் இந்த நோயோடு வளர்ந்து, வேலைக்குப் போய், பனியன் கம்பெனியில் பில் போட முடிகிறது.

முகாமின் தப்பு மண்பட்டியிலும் இல்லை, வாழையிலையிலும் இல்லை. கணக்கு எழுதும் விதத்தில் இருக்கிறது. சர்க்கரை குறைந்தால் 'பார்த்தாயா, வைத்தியம் பலித்தது'. வாந்தி எடுத்தால் 'பார்த்தாயா, கழிவு போகிறது, பலிக்கிறது'. பாதியில் போனால் 'நம்பிக்கை இல்லாதவன்'. நல்லதும் வரவு, கெட்டதும் வரவு! இப்படி ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினால் எங்கள் ஊர் ஆடிட்டர் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார்.

இங்கிலீஷ் மருத்துவம் மட்டும் யோக்கியமாகப் பிறந்ததா? இல்லை சார். வியன்னாவில் பிணத்தை அறுத்த கையோடு போய்ப் பிரசவம் பார்த்து, தாய்மார்களைக் கொன்றவர்கள் டாக்டர்கள்தான். 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் செத்தவர்களை மாதாமாதம் எண்ணினார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு. குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். ஜூனில் நூற்றுக்கு இரண்டு. சக டாக்டர்கள் அவரைக் கொண்டாடவில்லை, கோபித்துக்கொண்டார்கள். ஆனால் எண்ணிக்கை ஜெயித்தது. கர்ப்பிணிகளின் மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் ஊனமாகப் பிறந்ததைக் கண்டுபிடித்து 1961-ல் நிறுத்த வைத்ததும் இப்படி ஒரு செலவுக் கணக்குதான். அந்த மருத்துவம் தப்பே செய்யாதது என்பதால் நம்பிக்கை வரவில்லை. செய்த தப்பை, சண்டை போட்டுக்கொண்டாவது, நோட்டில் எழுதுவதால் வருகிறது.

எழுதாத கணக்கை வேறு யாராவது எழுதத்தான் வேண்டியிருக்கிறது. 2018 ஜூலையில் எங்கள் திருப்பூரில் வீட்டிலேயே 'இயற்கையாக'ப் பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம் தாய் இறந்துபோனார். அடுத்த மாதம், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். அங்கே கணக்கு எழுதியது போலீஸ் ஸ்டேஷன்.

இதற்காக இயற்கை மருத்துவம் படித்தவர்களை இழுத்துக் குட்டுவது அநியாயம். பி.என்.ஒய்.எஸ். என்று ஐந்தரை வருஷப் படிப்பு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. அப்படி ஒரு பிரிவில் இருந்த பெண் டாக்டரிடம் பிற்பாடு மாமாவைக் கூட்டிப் போனேன். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. அதே சமயம், சோத்தைப் பாதியாக் குறைச்சுட்டு இதே மாத்திரைய முழுசாப் போட்டாலும் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். குறைக்கறதை உங்க டாக்டர்கிட்ட காட்டிக் குறைங்க." படித்தவர் பேச்சே தனி!

2017-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 306 பேர். ஒரு பாதிக்குச் சில மாதம் நாளைக்குச் சுமார் 850 கலோரிதான் ஆகாரம். மாத்திரையையும் நிறுத்தினார்கள். ஒரு வருஷத்தில் அந்தப் பாதியில் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அய்யா சொன்னதேதான்! ஆனால் இரண்டு வித்தியாசம். விடாமல் அளந்துகொண்டே இருந்தார்கள். ஏறினால் மாத்திரை திரும்பி வந்தது. இன்சுலின் போடுகிறவர்களை வாசலிலேயே 'நீங்கள் வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே, எந்தக் கட்சிக்காரரிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: இதில் குணமாகாதவர்கள் எத்தனை பேர்? இரண்டு: எந்த நிலைமை வந்தால் 'இனி என்னால் ஆகாது, அங்கே போ' என்பீர்கள்? மூன்று: மருந்தைச் சேர்ப்பதோ நிறுத்துவதோ, எதை அளந்து செய்கிறீர்கள்? கோபப்படாமல் பதில் சொல்கிறவர் வைத்தியர். கோபப்படுகிறவர் சாமியாரோ வியாபாரியோ, அவரவர் யோகம்.

மாமா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறார். இடது பக்கம் சாப்பிட்டது, வலது பக்கம் நடந்தது, கீழே சர்க்கரை. தினசரிச் சர்க்கரை ரொக்கப் புத்தகம் மாதிரி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. பரிசோதனைதான் பேலன்ஸ் ஷீட் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பேலன்ஸ் ஷீட் 9.1-லிருந்து 7.2-க்கு இறங்கியிருக்கிறது. அந்த இரண்டு நிமிஷ டாக்டரிடமே நோட்டை நீட்டினார். டாக்டர் பத்து வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் பேசினார். மூன்றாவது மாத்திரையை அடித்துவிட்டார். "நாம கணக்கு எழுதிட்டுப் போனா அவங்களும் படிக்கறாங்கடா" என்றார் மாமா.

போன மாதம் முகாமிலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது எல்லாம் கேள்விப்பட்டார்களாம். சுவரில் மாட்ட ஒரு போட்டோ வேண்டுமாம்.

"தாராளமா மாட்டுங்க. என்னால நல்லாத்தான் ஆச்சு, பொய் சொல்லக் கூடாது" என்றார் மாமா. "ஆனா என்ர போட்டோவுக்குப் பக்கத்துல அந்தத் திருப்பூர்ப் பையன் போட்டோவையும் மாட்டிடுங்க. அவன்கிட்ட நான் வாங்கித் தர்றேன்."

இரண்டு போட்டோவும் இன்னும் சுவரேறவில்லை என்று கேள்வி.